எந்த வயதிலும் நடனம் கற்கலாம்: தொடங்குவது முதல் தொடர்வது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நடனம் கற்க விரும்புபவர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் வயதைப் பற்றியதாகவே இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோர் இது சீக்கிரமோ என்று தயங்குகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர் காலம் கடந்துவிட்டதோ என்று யோசிக்கிறார். எழுபதில் இருப்பவர் கேட்பதற்கே கூச்சப்பட்டு வாசலோடு நின்றுவிடுகிறார். மூவருக்கும் முடியும் என்பதுதான் பதில். ஆனால் மூவரும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் கற்க முடியாது, கற்கவும் கூடாது. எந்த வயதில் எதைக் கற்பது, யாரிடம் கற்பது, எப்படிப் பழகுவது என்ற மூன்றும் பொருந்தி வந்தால்தான் நடனக் கல்வி தன் முழுப் பயனைத் தரும்.

இந்த வழிகாட்டி ஒரு நிலைப்பாட்டிலிருந்து எழுதப்படுகிறது. நடனத்தின் பயன் பெரும்பாலும், புதிய அசைவு ஒன்றில் முதல் நாள் கால் பிசகி, சில நாட்களுக்குப் பின் அதே அசைவு நம்மை அறியாமல் கைகூடுவதற்கு இடைப்பட்ட காலத்தில்தான் விளைகிறது. ஆகவே நம்மைத் தொடர்ந்து கற்க வைக்கும் வகுப்பே நல்ல வகுப்பு. தெரிந்ததையே திரும்பத் திரும்ப ஆடவைக்கும் வகுப்பு இன்பம் தரலாம், உடலுக்கு அசைவும் தரலாம், ஆனால் கல்வி என்ற அளவில் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த அளவுகோலைக் கொண்டே அமைந்துள்ளன.

படி 1: எதை எதிர்பார்க்கலாம் என்று அளவோடு தெரிந்துகொள்ளுங்கள்

நடனத்தின் நன்மைகளைப் பற்றிய பேச்சில் மிகைக்குப் பஞ்சமே இல்லை. எனவே சேர்வதற்கு முன், உறுதியாகச் சொல்லக்கூடியவை எவை என்று பார்த்துவிடுவது நல்லது.

உடற்பயிற்சிக் கணக்கிலிருந்து தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களும், வயது வந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான அளவிலும் உடலியக்கம் தேவை. 65 வயதைக் கடந்தவர்கள் இதனுடன், சமநிலைக்கும் தசை வலிமைக்கும் உதவும் பலவகைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாட்களேனும் செய்யவேண்டும் என்றும் அது சொல்கிறது. நடனம் இந்தக் கணக்கில் தயக்கமின்றிச் சேரும். ஆயினும் ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியர் சொல்வதைக் கேட்டு நிற்கும் நேரமும், தம் முறைக்காகக் காத்திருக்கும் நேரமும் கணிசமானவை என்பதால், வாரத்தில் இரண்டு வகுப்புகளுக்குப் போவதாலேயே தேவையான உடலியக்கம் முழுவதும் கிடைத்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது.

மூளையைப் பற்றிய செய்தி இதைவிடச் சுவையானது, கவனமாகப் படிக்கவேண்டியதும்கூட. நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வருவது குறைவாக இருந்ததோடு தொடர்புடைய ஓய்வுநேரச் செயல்களாக வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவை தெரியவந்தன. அந்த ஆய்வு கணக்கில் எடுத்துக்கொண்ட உடல்சார்ந்த செயல்களில் இந்தத் தொடர்பு காணப்பட்டது நடனத்துக்கு மட்டுமே. நடனம் மறதிநோயைத் தடுக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. நினைவாற்றல் மெல்லக் குறையத் தொடங்கியவர்கள் ஆடுவதை முன்னதாகவே நிறுத்தியிருக்கவும் கூடும். ஆனால் ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் முதியோரிடையே நடத்தப்பட்டு 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு இந்தப் படத்துக்கு இன்னொரு கோட்டைச் சேர்க்கிறது. ஒரு குழுவினர் 18 மாதங்கள் வழக்கமான உடற்பயிற்சி செய்தார்கள். மற்றொரு குழுவினர் அதே காலம் நடனம் கற்றார்கள், அதுவும் அசைவுகளும் வரிசைகளும் இடைவிடாமல் மாற்றப்பட்ட நடனம். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியின் அளவு இரு குழுக்களிலுமே கூடியது, சமநிலையில் தெளிவான முன்னேற்றம் கண்டவர்களோ நடனக் குழுவினர்தாம். பங்கேற்றவர்கள் சிலரே என்பதை மறக்கவேண்டியதில்லை. இருந்தாலும், மாறிக்கொண்டே இருக்கும் பாடம் என்ற அந்த அம்சத்தை மனதில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரைத் தேடும்போது அது உதவும்.

மூன்றாவது பயன், பிறரோடு சேர்ந்து ஆடுவதால் வருவது. பிரேசிலில் பள்ளி மாணவர்களிடையே ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒத்திசைவாக ஆடுவதும் உடல் களைக்க ஆடுவதும் தனித்தனியே வலியைத் தாங்கும் திறனையும் குழுவினரிடையே நெருக்க உணர்வையும் கூட்டியது தெரிந்தது. ஒரே தாளத்துக்குக் கால் வைத்த பின் அறிமுகமில்லாதவர்கள்கூட இயல்பாகப் பேசத் தொடங்குவதை எந்த நடன வகுப்பிலும் காணலாம்.

நான்காவது பயனைப் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை: கற்றவருக்குப் பார்வை மாறுகிறது. ஐரோப்பியச் செவ்வியல் நடனமான பாலே கற்றவர்களும், பிரேசிலின் தற்காப்புக் கலையும் நடனமும் கலந்த கபொய்ரா கற்றவர்களும் இரண்டு வகை ஆட்டங்களையும் காணொளியில் பார்க்கையில், தாம் பயின்ற அசைவுகளைக் கண்டபோதுதான் அவர்கள் மூளையின் இயக்கம் சார்ந்த பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன என்று 2005இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. ஆறு மாதம் பயின்று நிறுத்திவிட்டவர்கூட அதன்பின் நடன நிகழ்ச்சியை வேறு கண்களால்தான் பார்க்கிறார். ஒரு கலையின் ரசிகராவதும் கல்வியின் விளைவே என்பதால், தொடர முடியாமல் போனவர்கள் அந்தக் காலத்தை வீண் என்று எண்ணவேண்டியதில்லை.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. நடனம் கற்றால் கணிதத்தில் மதிப்பெண் ஏறும், சில வாரங்களில் எடை இறங்கும் என்பன போன்ற வாக்குறுதிகளை நம்பிச் சேர்பவர்கள் விரைவில் ஏமாற்றத்தோடு விலகுவார்கள். நடனத்தை நடனத்துக்காகக் கற்பவர்கள்தாம் நீண்டநாள் நிலைக்கிறார்கள்.

படி 2: வயதுக்கேற்ற நுழைவாயிலைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளை வைத்து நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், பேச்சைக் கேட்டபோதை விட இசையையும் தாள ஒலியையும் கேட்டபோது அவர்கள் உடலைச் சீரான லயத்தில் அசைத்தது அதிகமாக இருந்தது. இசைக்கு அசையவேண்டும் என்ற உந்துதலை யாரும் கற்றுத்தரவேண்டியதில்லை. அந்த அசைவைத் தாளத்தோடு பொருத்துவது, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவது, பிறர் மீது மோதாமல் இடத்தைப் பகிர்வது ஆகியவற்றைத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

மூன்று முதல் ஆறு வயது வரை இந்த மூன்று திறன்களே போதுமான பாடத்திட்டம். வகுப்பு அரைமணி முதல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம். இந்த வயதுக்கான பாடத்தை அமைப்பதற்கு, நடன அசைவுகளை எழுதிவைக்கும் குறியீட்டு முறையை 1928இல் வெளியிட்ட ருடால்ஃப் லாபான் வழிவந்த நான்கு கேள்விகள் இன்றும் மிகவும் உதவுகின்றன: உடலின் எந்த உறுப்பு அசைகிறது, எந்தத் திசையில் எந்த உயரத்தில் அசைகிறது, எத்தகைய விசையோடு அசைகிறது, யாரோடு அல்லது எதோடு சேர்ந்து அசைகிறது. இலை உதிர்வதைப் போல் கீழே வா என்று ஒரு குழந்தையிடம் சொல்லும்போது இந்த நான்குமே அதில் அடங்கிவிடுகின்றன. இசை நின்றதும் சிலையாக நிற்கும் விளையாட்டு சாதாரணமாகத் தோன்றினாலும், ஓடிக்கொண்டிருக்கும் உடலைக் கட்டளைக்கு நிறுத்துவது அந்த வயதில் கடினமான மனப்பயிற்சியாகும். நான்கு வயதுக் குழந்தையிடம் ஒரு முழு நடனத்தை, அதாவது ஓர் உருப்படியை, மனப்பாடமாக ஆடவைத்துப் படம்பிடிப்பதில் பெரியவர்களுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி, குழந்தைக்குக் கிடைக்கும் கல்வியை விடப் பெரியது என்பது என் கருத்து.

ஏழு வயதளவில் முறையான நுட்பப் பயிற்சியைத் தொடங்கலாம். சிலப்பதிகாரத்தின் மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அப்படியானால் அவள் தொடங்கியது ஐந்தில். ஆனால் நாம் அங்கே கவனிக்கவேண்டியது தொடங்கிய வயதை விட அந்த ஏழாண்டுக் காலத்தைத்தான். ஏழு முதல் பதினொன்று வரையிலான பருவத்தில் குழந்தைகள் வரிசைகளை வியப்பூட்டும் வேகத்தில் மனத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள், திருத்தங்களை வருத்தமின்றி ஏற்கிறார்கள், அடவு எனப்படும் ஒரே அடிப்படை அசைவை நூறு முறை செய்யவும் சலிப்பதில்லை. இந்த நல்ல இயல்பே ஆபத்தாகவும் ஆகலாம், ஏனெனில் தவறான பழக்கமும் அதே வேகத்தில் பதிந்துவிடும். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியானாலும் பாலேயின் வெளித்திருப்பமானாலும், கால் பக்கவாட்டில் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து நிகழவேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். குழந்தை அரைமண்டியில் அமரும்போது முழங்கால்கள் பாதங்கள் காட்டும் திசையிலேயே நிற்கின்றனவா என்பதைப் பெற்றோரே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பன்னிரண்டு வயதுக்குப் பின் வருவது இடறலான பருவம். எலும்புகள் வேகமாக நீள்கின்றன, தசைகளும் தசைநார்களும் உடனே ஈடுகொடுப்பதில்லை. நேற்றுவரை எளிதாக வந்த சுழற்சி இன்று தடுமாறுகிறது, உடல் வளையும் தன்மை குறைகிறது, குதிக்கும்போது முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது. திறமை குறைந்துவிட்டது என்றோ அக்கறை போய்விட்டது என்றோ இதைத் தவறாக எண்ணிக் கடிந்துகொள்ளும் ஆசிரியர்களால், நல்ல மாணவர்கள் பலர் இந்தக் கட்டத்தில்தான் விலகிப்போகிறார்கள். சில மாதங்களுக்குக் குதிப்பையும் மிகையான நீட்டல்களையும் குறைத்து, தாளம், முகபாவம், நடன அமைப்பு ஆகியவற்றில் கவனத்தைத் திருப்பினால் இந்தப் பருவம் இழப்பின்றிக் கழியும். பாலேயில் நுனிக்கால் காலணியை ஏறத்தாழ பன்னிரண்டு வயதுக்கு முன் தராமல், அதன் பிறகும் கணுக்காலின் வலிமையையும் பயிற்சி ஆண்டுகளையும் பார்த்தே தருவதற்கும் காரணம் இந்த வளர்ச்சிக் கணக்குதான். உடல் தோற்றத்தைப் பற்றிய பேச்சு இந்த வயதினரின் வகுப்பில் அறவே கூடாது. மெலிவதற்காக உணவைக் குறைக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் தவறத் தொடங்கினால், அது கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். எலும்பின் அடர்த்தி சேர்ந்துகொண்டிருக்கும் காலம் அது.

வயது வந்த பின் தொடங்குபவர்களின் சிக்கல் வேறு. அவர்கள் பாடத்தை மனத்தால் உடனே புரிந்துகொள்கிறார்கள், உடலோ சில வாரங்கள் பின்தங்கி வருகிறது. அந்த இடைவெளிதான் அவர்களை வதைக்கிறது. தொழிலில் தேர்ந்தவர், வீட்டில் பொறுப்பானவர், பத்துப் பேர் முன்னால் இடது காலுக்குப் பதில் வலது காலை வைக்கும் அனுபவத்துக்குப் பழகியிருக்கமாட்டார். இந்தக் கூச்சத்துக்கு மருந்து, தம்மைப் போன்ற தொடக்கநிலை வயதுவந்தவர்கள் மட்டுமே உள்ள வகுப்பில் சேர்வதுதான். எட்டு வயதுக் குழந்தைகளின் வரிசைக்குப் பின்னால் நிற்கவைக்கப்படும் நாற்பது வயதுக்காரர் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தில் காணாமல் போகிறார். அதே நேரம் வயது வந்தவர்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது: ஏன் என்று கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926இல் நடனத்துக்கென முதல் பட்டப்படிப்பு உருவாக வழிவகுத்த மார்கரெட் டவுப்ளர் மேடைக் கலைஞர் அல்லர். உயிரியல் படித்து, கூடைப்பந்து கற்பித்துவந்தவர். வகுப்பில் ஒரு எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு மூட்டுகள் எப்படி அசைகின்றன என்று விளக்கியவர். அசைவின் காரணத்தை இப்படிப் புரிந்துகொண்டு கற்கும் முறை வயது வந்தவர்களுக்கு மிகவும் பொருந்தும்.

அறுபதைக் கடந்தவர்களுக்கு நடனம் தரும் முதன்மையான கொடை சமநிலை. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது, திசை திரும்புவது, பின்னோக்கி அடிவைப்பது, இவற்றைச் செய்துகொண்டே தாளத்தையும் அடுத்த அசைவையும் நினைவில் வைத்திருப்பது என இரண்டு வேலைகளை ஒருசேரச் செய்யவேண்டியிருப்பதால், அன்றாட வாழ்வில் இடறிவிழும் தருணங்களுக்கு உடல் முன்கூட்டியே பழகிக்கொள்கிறது. தொடங்குவதற்கு முன் இதயநோய், எலும்புத் தேய்மானம், தலைச்சுற்றல், எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது அவசியம். முதல் சில வாரங்கள் நாற்காலியில் அமர்ந்தும், பிறகு அதன் முதுகைப் பிடித்தபடி நின்றும், அதன் பின் கையெட்டும் தூரத்தில் நாற்காலி இருக்கத் தனித்து நின்றும் ஆடலாம். வேகமான சுழற்சிகளும் திடீர்க் குனிதல்களும் வேண்டாம். ஜப்பானிய நடனக் கலைஞர் கஸுவோ ஓனோ 1977இல் 71ஆம் வயதில் அமைத்து ஆடிய தனிநடனமே அவரை உலகறியச் செய்தது. தொண்ணூறுகளிலும் அவர் மேடையேறினார். எல்லோருக்கும் அது வாய்க்காது என்றாலும், முதிர்ந்த உடலின் மெதுவான அசைவுக்கு இளம் உடலால் தரமுடியாத ஓர் ஆழம் உண்டு என்பதை அவருடைய ஆட்டம் காட்டியது.

உடற்குறையோ நீடித்த நோயோ உள்ளவர்களுக்கும் வாயில் திறந்தே இருக்கிறது. புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு, பார்க்கின்சன் நோயாளிகளுக்காக 2001இல் தொடங்கிய வகுப்புகள் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகின்றன. நடக்கும்போது கால் உறைந்து நிற்கும் நோயாளிக்கு, வெளியிலிருந்து வரும் தாளம் அடுத்த அடியை எடுத்துவைக்க உதவும் என்பது இத்தகைய வகுப்புகளின் அடிப்படைகளில் ஒன்று. சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஆடும் கேண்டோகோ குழு லண்டனில் 1991இல் பிறந்தது. அங்கே நாற்காலியும் ஓர் அங்கமாகிறது. அதன் உருளலும் சுழற்சியும் நடனத்தின் சொற்களாகின்றன. இத்தகைய மாணவரைச் சேர்க்கும் ஆசிரியர், உங்களால் என்ன செய்யமுடியாது என்று கேட்காமல், இந்த அசைவை உங்கள் உடல் எப்படிச் செய்யும் என்று கேட்பாரானால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று கொள்ளலாம்.

படி 3: நடன வகையைத் தெரிவு செய்யுங்கள்

இதில் அதிகம் குழம்பவேண்டாம். எந்த இசையைக் கேட்டால் கால் தானாகத் தாளமிடுகிறதோ அந்த இசைக்குரிய நடனமே முதல் தெரிவு. தனியாகப் பயின்று நுட்பத்தில் ஆழ விரும்புபவருக்குப் பரதநாட்டியம், கதக், பாலே போன்ற செவ்வியல் வடிவங்கள் பொருந்தும். மனிதர்களோடு பழக விரும்புபவருக்குக் கூட்டமாக ஆடும் நாட்டுப்புற நடனங்களோ சல்சா போன்ற இணை நடனங்களோ பொருந்தும். சொந்தமாக அசைவுகளை உருவாக்க விரும்புபவருக்குச் சமகால நடனம் இடம் தரும். முழங்கால் வலி உள்ளவர், தரையை ஓங்கித் தட்டும் வடிவங்களைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. ஒரு வகையை எடுத்துக்கொண்டால் மூன்று மாதங்களாவது அதில் நின்று பார்க்கவேண்டும், ஏனெனில் முதல் மாதத்தில் எல்லா வடிவங்களும் ஒரே அளவுக்குக் கடினமாகத்தான் தோன்றும்.

படி 4: ஆசிரியரை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்ல வந்த இளங்கோவடிகள், மேடையின் அளவுகளுக்குப் போவதற்கு முன்பே ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் மற்றக் கலைஞர்களுக்கும் இருக்கவேண்டிய தகுதிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். அந்த வரிசைமுறையிலேயே ஓர் அறிவுரை இருக்கிறது. வகுப்பின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் விட ஆசிரியரை முதலில் பாருங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை முழுமையாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுக்கும் இடத்தில், குறிப்பாகக் குழந்தையைச் சேர்க்க வந்திருக்கும்போது, மேற்கொண்டு யோசிக்கவேண்டியதில்லை. பார்க்கும்போது திறமையான மாணவரின் மீது கண்ணை ஓட்டாமல், வகுப்பிலேயே மிகவும் தடுமாறும் மாணவரைத் தேர்ந்து அவரை மட்டும் கவனியுங்கள். ஆசிரியர் அவரிடம் எத்தனை முறை வருகிறார், தவறை எந்தச் சொற்களால் சுட்டுகிறார், சுட்டிய பின் திருத்த வழி சொல்கிறாரா அல்லது தவறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாரா என்பவை ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். திருத்துவதற்காக உடலைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்பது, மாணவர் வேண்டாம் என்றால் சொல்லாலோ தம் உடலாலோ காட்டிக் கற்பிப்பது ஆகியவை எந்த வயது மாணவருக்கும் பொருந்தும் நெறி.

பிறகு ஆசிரியரிடம் சில கேள்விகளைக் கேட்கலாம். இந்த ஆண்டு முடிவில் என் குழந்தைக்கு, அல்லது எனக்கு, என்ன தெரிந்திருக்கும்? வலி என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒரு பாடம் முடிந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் மிக முக்கியமானது. உருப்படிகளின் எண்ணிக்கையைப் பதிலாகச் சொல்பவரை விட, தாளம் தப்பாமல் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகங்களிலும், செய்யவேண்டும், நடுவிலிருந்து கேட்டாலும் தொடங்கத் தெரியவேண்டும் என்று சொல்பவரிடம் கற்பது மேல். சிறந்த நடனக் கலைஞர் சிறந்த ஆசிரியராகவும் இருப்பார் என்பது கட்டாயமில்லை. எளிதாகக் கற்றுக்கொண்டவருக்கு, எளிதில் வராதவரின் சிரமம் சில நேரம் புரிவதே இல்லை.

படி 5: தரையையும் உடலையும் ஆயத்தம் செய்யுங்கள்

நடன அறையில் முதலில் பார்க்கவேண்டியது தரையைத்தான், கண்ணாடியை அன்று. கான்கிரீட் மீது நேராகப் பதித்த ஓடு அல்லது கல் தரை அதிர்வை உள்வாங்குவதில்லை. குதிப்பின் விசை முழுவதும் கணுக்கால், முன்காலெலும்பு, முழங்கால், முதுகு என ஏறிச் செல்லும். அடியில் இடைவெளியோ மீள்தன்மையுள்ள அடுக்கோ வைத்து அமைத்த மரத் தரை சிறந்தது. கடினமான தரைதான் கிடைக்கிறது என்றால் குதிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, தட்டும் விசையையும் தணித்துப் பழகவேண்டும். வீட்டில் பயிற்சி செய்யும்போது, வழுக்கும் காலுறையோடு ஆடுவதையும், நகரும் விரிப்பின் மேல் ஆடுவதையும் தவிர்க்கவும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் பத்து நிமிடங்கள் உடலைச் சூடேற்றுங்கள்: நடை, மூட்டுகளை மெல்லச் சுழற்றுதல், பிறகு அன்றைய பாடத்தின் அசைவுகளையே சிறிய அளவில் செய்து பார்த்தல். ஒரே நிலையில் நெடுநேரம் நீட்டிப் பிடிக்கும் பயிற்சியை முடிவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் குளிர்ந்த தசையை அவ்வாறு இழுப்பது பயன் தராது. வலியைப் பிரித்தறியவும் கற்கவேண்டும். இரு கால்களிலும் பரவலாக இருந்து இரண்டு மூன்று நாட்களில் மறையும் தசைவலி புதிய பயிற்சியின் இயல்பான விளைவு. ஒரே புள்ளியில் கூர்மையாகக் குத்துவது, மூட்டுக்குள் இருப்பது, வீக்கத்தோடு வருவது, இரவில் விழிக்கவைப்பது ஆகியவை நிறுத்தி மருத்துவரைப் பார்க்கவேண்டிய வலிகள். வலியைப் பொறுத்துக்கொள்வதே அர்ப்பணிப்பு என்ற பழைய எண்ணத்தால் நிரந்தரமாகப் பழுதான முழங்கால்கள் ஏராளம்.

படி 6: வீட்டில் பழகும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்

வகுப்பில் பாடம் கிடைக்கிறது. அது உடலில் படிவது வகுப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களில்தான். வாரத்தில் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் பழகுவதைவிட நாள்தோறும் பதினைந்து நிமிடம் பழகுவது நெடுநாள் நிற்கும். அதே மொத்த நேரத்தைப் பல அமர்வுகளாகப் பிரித்தால் கற்றது ஆழமாகப் பதிகிறது; அமர்வுகளுக்கு இடையே வரும் தூக்கமும் புதிய அசைவுகளை நினைவில் உறுதிப்படுத்துகிறது. முந்தைய மாலை எவ்வளவு முயன்றும் வராத அடவு மறுநாள் காலையில் எளிதாக வந்துவிடும் அனுபவம் கற்பவர் எல்லோருக்கும் உண்டு.

பழகும்போது மெதுவான காலத்தில் தொடங்குங்கள். ஒரே அடவை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என வேகத்தை இரட்டித்துக்கொண்டே செய்யும் முறை எந்த நடன வடிவத்துக்கும் பொருந்தக்கூடிய அருமையான கருவி. மெதுவான காலத்தில் கால் தரையைத் தொடும் கணத்துக்கும் கை நிலைக்கு வந்து சேரும் கணத்துக்கும் இடையே உள்ள பிசகு தெளிவாகத் தெரியும்; வேகத்தில் அது மறைந்துகொள்ளும். ஆகவே வேகமாக ஆடும்போது சரியாக இருப்பதாகத் தோன்றுவதை நம்பாமல், மெதுவாக ஆடிச் சோதியுங்கள்.

அடுத்து, அடவுக்குரிய தாளச் சொற்களான சொற்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே, கையால் தாளம் போட்டுக்கொண்டு, கால்களை அசைக்காமல் உட்கார்ந்தபடி முழு வரிசையையும் ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். எங்கே நாக்கு தடுமாறுகிறதோ அங்கேதான் காலும் தடுமாறும். முழு விசையோடு ஆடாமல் கைகளாலும் சிறு அசைவுகளாலும் மட்டும் வரிசையைக் குறித்துப்பார்ப்பதைச் சோம்பல் என்று சிலர் கண்டிப்பதுண்டு. பாலே மாணவர்களிடம் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், அவ்வாறு குறித்துப் பழகியவர்கள் பின்னர் முழுமையாக ஆடும்போது கூடுதல் நேர்த்தியோடு ஆடியது தெரிந்தது. உடலின் சுமை குறையும்போது மனம் நுணுக்கத்தைக் கவனிக்க முடிகிறது. களைப்பான நாளிலும், காயத்திலிருந்து தேறிவரும் நாட்களிலும், முதியவர்களுக்கும் இது குறிப்பாகப் பயன்படும்.

கண்ணாடியை அளவாகப் பயன்படுத்துங்கள். நிலைகளைச் சரிபார்க்க அது உதவும். ஆனால் கண்ணாடியைப் பார்த்தே பழகியவருக்கு, அது இல்லாத இடத்தில் தன் கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். கண்ணாடிக்கு முதுகு காட்டிப் பாதி நேரம் பழகுவது நல்ல வழக்கம். எப்போதும் ஒரே திசையைப் பார்த்துப் பழகாமல், அதே வரிசையை அறையின் நான்கு சுவர்களையும் நோக்கி ஒவ்வொரு முறை ஆடிப்பாருங்கள். சுவர் மாறியதும் பாடம் மறந்துபோனால், கற்றது நடனத்தை அல்ல, அந்த அறையைத்தான் என்று பொருள்.

ஒரு பாடம் கைவந்துவிட்டதும் அதிலேயே இளைப்பாறாதீர்கள். முதல் படியில் கண்ட முதியோர் ஆய்வில் நடனக் குழுவினருக்கு அசைவு வரிசைகள் மாறிக்கொண்டே இருந்ததை நினைவுகூருங்கள். தெரிந்ததைத் தலைகீழ் வரிசையில் ஆடுவது, இடது பக்கத்திலிருந்து தொடங்குவது, நான்கு எண்ணிக்கைக்குரியதை மூன்றிலோ ஐந்திலோ பொருத்திப் பார்ப்பது என்று சிறு மாற்றங்களாலேயே பழைய பாடத்தைப் புதிதாக்கிவிட முடியும்.

படி 7: முன்னேற்றத்தை அளந்து பாருங்கள்

சான்றிதழும் மேடையும் தவறானவை அல்ல. ஒரு நாள் குறித்துவிட்டால் பயிற்சிக்கு ஒழுங்கு வருகிறது, பிறர் முன் நிற்கும் துணிவும் வருகிறது. ஆனால் ஓர் ஆண்டின் பெரும்பகுதி ஒரே நிகழ்ச்சிக்கான ஒத்திகையிலேயே கழிந்தால் அந்த ஆண்டில் கற்றது குறைவாகவே இருக்கும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரே வரிசையை ஒரே கோணத்தில் காணொளியாகப் பதிவு செய்து, முந்தையதை மட்டும் அதோடு ஒப்பிடுங்கள். பிறருடையதோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சோர்வே மிஞ்சும். கற்றதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது இதைவிடக் கடுமையான தேர்வு. தாத்தாவுக்குப் பேத்தி ஒரு வரிசையைக் கற்பிக்க முயலும்போது, தான் எதை முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது பேத்திக்குத்தான் முதலில் தெரியவரும். தாத்தாவுக்கு அன்றைய உடற்பயிற்சியும் முடிந்துவிடும்.

படி 8: இடைவெளி விழுந்தால் திரும்பி வருவது எப்படி

தேர்வு, வேலை, மகப்பேறு, நோய், இடமாற்றம் என்று ஏதோ ஒன்றால் இடைவெளி வரத்தான் செய்யும். திரும்பி வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, விட்ட இடத்திலிருந்து தொடங்குவது. வரிசைகளின் நினைவு உடலில் தங்கியிருக்கும், ஆனால் தசையின் வலிமையும் மூச்சின் அளவும் தங்கியிருக்காது; நினைவு இழுக்கும் வேகத்துக்கு உடல் ஈடுகொடுக்க முயலும்போதுதான் காயம் நேர்கிறது. முதல் இரண்டு வாரங்கள் பழைய நேரத்தில் பாதியளவு மட்டும், குதிப்புகள் இல்லாமல், மிகப் பழைய பாடங்களிலிருந்து தொடங்குங்கள். மகப்பேற்றுக்கும் அறுவை சிகிச்சைக்கும் பின் மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்கவேண்டும்.

வகுப்புக்குத் திரும்பும் முதல் நாளில் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கத் தோன்றும். அங்கே நிற்காதீர்கள், வகுப்பு பின்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். நடு வரிசையில் நின்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துக்கொள்ள முன்னால் ஒருவர் இருப்பார்.